ரெங்கத்துக்கு நடந்து வந்த சத்தம்

ஜோனதன் ஐந்து மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பாலில்லாமல் ஒரு கோப்பை கோப்பி-ஓ கலக்கினான். இரண்டு துண்டு ரொட்டியில் மார்ஜரின் தடவி ஒன்றைத் தின்றான், ஒன்றை வைத்துவிட்டான். பிறகு செம்பனை ஆலையின் பரிசோதனைக்கூடத்துக்குப் போட்டுப் போகும் சாம்பல் நிறச் சட்டையை இஸ்திரி போடத் தொடங்கினான். ஐந்து நாற்பதுக்குக் கைப்பேசி ஒலித்தது. பொந்தியானில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் உலகப்பன் பேசினார். ஜோனதனின் மனைவி இறந்த நாளின் சத்தம் சற்று முன் கடலிலிருந்து கரையேறிவிட்டது என்றார். ஜோனதன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டான். மீன் சந்தையைத் தாண்டி பெனுட் சாலையில் திரும்பியிருக்கிறது என்று உலகப்பன் சொன்னார்.

அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது ஊருக்கு முன்பே தெரியும். சார்ஜன் ஸ்டெஃபனி அமலநாதன், படை மருத்துவப் பிரிவு, வயது முப்பது, அமைதிப் படையோடு ஏழாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நாட்டுக்குப் போனவள், பதினான்கு மாதங்களுக்கு முன்னால் அங்கே குண்டுவீச்சில் இறந்தாள். போர் நிறுத்தம் முறிந்த நாள் அது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியின் நிலவறை முன்பு பண்டக அறையாக இருந்தது. அதன் இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான். தாழ் போடாவிட்டால் அதிர்வில் கதவு திறந்துகொள்ளும். ஆகவே ஒருவர் வெளியே நிற்க வேண்டும். ஸ்டெஃபனி ஒன்பது பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் தன் பிரிவின் சிப்பாய் விவேக்கையும் உள்ளே தள்ளி, தாழ் போட்டு, தாழின் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். உள்ளே இருந்த பதினொரு பேரும் பிழைத்தார்கள். இதுவரை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சண்டை.

முதலில் அந்தமான் கடலில் மீன் பிடித்தவர்கள் கேட்டார்கள். அதற்கு முன் எங்கெங்கே கடந்தது என்பதற்குப் பதிவு இல்லை. நீரின் மேல் ஓராள் உயரத்தில், ஓராள் மூட்டை சுமந்து நடக்கும் வேகத்தில், நாளொன்றுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் அது நகர்ந்தது. நான்கு நிமிடம் இருபது விநாடி நீளம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நடுவில் பேச்சு இருந்தது, ஆனால் அடுத்த வீட்டு வானொலி போல, வார்த்தை பிடிபடாது. முடிவில் வெடிப்பு. கடலில் அது கதவைச் சாத்துகிற அளவுக்குத்தான் கேட்டது. செய்தித்தாளில் ஏழாம் பக்கத்தில், செம்பனைக் குலையின் விலைக்குக் கீழே இதைப் போட்டார்கள்.

அது ஏன் ரெங்கத்துக்கு வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ரெங்கம் சிற்றாலயத்தில் ஞாயிறு தோறும் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கிற தாளை, ஆலயச் செயலாளர் டோரிஸ் வருடத்துக்கு ஒரு முறைதான் தட்டச்சு செய்வார். மற்ற வாரங்களில் நகல்தான். ஸ்டெஃபனி புறப்பட்ட மாதத்தில், வெளிநாட்டில் பணியாற்றும் எங்கள் மகள் ஸ்டெஃபனி பத்திரமாக வீடு வந்து சேர வேண்டுமென்று மன்றாடுகிறோம் என்ற வரியை ஐந்தாவதாகச் சேர்த்தார். அவள் இறந்த பிறகு அதை எடுக்க மறந்துவிட்டார். அவளுடைய அடக்கத் திருப்பலியிலேயே அந்த வரி வாசிக்கப்பட்டது. சபை வழக்கம் போல, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புது வருடத்துக்குப் புதுத் தாள் அடித்தபோதும் டோரிஸ் பழைய தாளைப் பார்த்து அப்படியே அடித்தார். பதினான்கு மாதம், அறுபது ஞாயிறு. ஒரு வாரம் மட்டும் நகல் இயந்திரம் கெட்டுப்போய் மன்றாட்டு வாசிக்கப்படவில்லை. அந்த ஏழு நாளும் சத்தம் நிக்கோபாருக்குத் தெற்கே ஒரே இடத்தில் நின்றது என்று இரண்டு சரக்குக் கப்பல்கள் அறிவித்தன. அப்போதுதான் ஜோனதனுக்கு விஷயம் புரிந்தது. அவன் டோரிஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. நகல் இயந்திரத்துக்குப் புது மைப்பெட்டி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

சண்டை இதுதான். ஸ்டெஃபனி கடைசியாக என்ன சொன்னாள்? படையின் செய்தி அறிக்கை, "நான் விழுந்தாலும் தாய்நாடு நிற்கும்" என்று அவள் முழங்கியதாகச் சொன்னது. ஆலய மடல், "ஆண்டவரே, இவர்களை உம் கரங்களில் ஒப்படைக்கிறேன்" என்று அவள் சொன்னதாக அச்சிட்டது. ஒரு சங்கத்தின் ஆண்டுமலரில் அவள் தமிழ் வாழ்க என்று கூடச் சொல்லியிருந்தாள். ஜோனதன் அவளோடு ஆறு வருடம் வாழ்ந்தவன். அவள் தாய்நாடு என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லி அவன் கேட்டதில்லை. சோற்றுக் குக்கர் பொங்கினால் ஐயோ என்பதை மலாயில் அலமாக் என்பாள். சிக்னலில் முந்துகிற லாரிக்காரனைப் பார்த்து அறிவிருக்கா உனக்கு என்பாள். எதையும் முழங்க மாட்டாள். அவன் படை அலுவலகத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினான். யார் கேட்டது, எப்போது கேட்டது, எந்த மொழியில் சொன்னாள். பதில் ஒன்றுதான் வந்தது. அதில் ஆழ்ந்த அனுதாபம் இருந்தது.

கேட்டிருக்கக் கூடியவன் விவேக். உலகப்பனின் இளைய மகன். இருபத்து நான்கு வயது. திரும்பி வந்ததும் படையிலிருந்து விலகி, அப்பாவின் கடையில் ஆணியும் வலையும் நிறுத்துக்கொண்டிருந்தான். ஜோனதன் மூன்று முறை பொந்தியானுக்குப் போனான். மூன்று முறையும் விவேக் பின்கட்டுக்குப் போய்விட்டான். மூன்றாம் முறை ஜோனதன் கல்லாவை ஓங்கித் தட்டினான்.

"உசுரோட வந்தவன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவ செத்தது இவனுக்காகத்தானே?"

"தம்பி, அவன் எங்ககிட்டயே பேசறதில்ல. அவுக அம்மா கமலாட்சி தினம் அழறா. நான் என்ன செய்ய?" என்றார் உலகப்பன்.

அந்த வியாழக்கிழமை காலை சத்தம் கடைத் தெருவைக் கடந்தபோது விவேக் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். சாவியை அப்படியே பூட்டில் விட்டுவிட்டு, ஜப்பான் ரப்பர் செருப்போடு அதன் கூட நடக்கத் தொடங்கினான். உலகப்பன் மோட்டார் சைக்கிளில் பின்னால் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. "சத்தத்துல ஒரு பொம்பள யாரையோ ஏசுற மாதிரி இருக்கு தம்பி. அதான் சொல்லலாம்னு கூப்பிட்டேன்," என்றார் கைப்பேசியில் ஜோனதனிடம். ஜோனதன் பதினான்கு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான். உடனே அது நின்றுவிட்டது. கணக்குப் போட்டான். பொந்தியானிலிருந்து ரெங்கம் சாலைவழி அறுபத்து நான்கு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வந்து சேரும்.

ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படையினர் நினைவுப் பலகைத் திறப்பு விழா வைத்திருந்தார்கள். ரெங்கம் பாலாய்ராயா பொது மண்டபத்தின் முகப்பில் கருங்கல் பலகை. அதில் ஸ்டெஃபனியின் படம், பெயர், தாய்நாடு நிற்கும் என்ற வாசகம், மூன்று மொழியில். குடும்பத்தின் ஒப்புதல் கேட்ட தாளில் ஜோனதன் கையெழுத்துப் போடவில்லை. ஸ்டெஃபனியின் அப்பா அமலநாதன் போட்டார். தோட்டத்துப் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோனதன் வியாழன் மாலை படையின் செய்தித் தொடர்பு அதிகாரி கேப்டன் ராஜசேகரனைப் பார்த்து, ஒரு நாள் தள்ளி வையுங்கள், அவளே வருகிறாள், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பலகையில் வெட்டுங்கள் என்றான். ராஜசேகரன் மரியாதையானவர். சத்தம் வருவதை அவர் மறுக்கவில்லை. பெனுட் சாலையில் அது இரவுக்கு நிற்கும் இடத்தின் தகவல்கூட அவரிடம் இருந்தது. சிறப்பு விருந்தினரின் நேரத்தை மாற்ற முடியாது என்பதுதான் அவருடைய சிக்கல்.

விழா நடந்தது. நூற்று இருபது நாற்காலி, வாழையிலையில் சுற்றிய நாசி லெமாக் சோறு, குளிர்ந்த பன்னீர்த் தண்ணீர். விருந்தினர் திரையை இழுத்ததும் ஜோனதன் எழுந்து, அவள் அப்படிச் சொல்லவில்லை என்றான். குரலை உயர்த்தவில்லை. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. ராஜசேகரன் அருகே வந்து, தோளில் கை வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"சரி சார். அப்ப என்னதான் சொன்னாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் ஜோனதன் ஒன்பது கடிதத்தில் கேட்டிருந்தான். "நாளைக்குத் தெரியும்" என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அமலநாதன் தலை குனிந்து, மடியில் இருந்த மாலையின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டின்போது ராஜசேகரன் ஞாயிறு நன்றித் திருப்பலிக்கான தாளை டோரிஸிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்தாவது வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். ஆன்ட்டி, இறந்து போனவங்க பத்திரமா வரணும்னு இன்னும் வாசிக்கிறீங்களா என்று கேட்டார். டோரிஸ் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். முப்பது வருடச் செயலாளர் வேலையில் அவர் செய்த ஒரே பிழை அது, அதையும் அறுபது முறை செய்திருந்தார். சாப்பிடாமல் எழுந்து ஆலய அலுவலகத்துக்குப் போய், புதுத் தாள் அடித்து, ஐந்தாவது வரியை எடுத்துவிட்டு, ஸ்டெஃபனியின் பெயரைக் கடைசியில் மரித்தோர் வரிசையில் சேர்த்தார். எண்பது பிரதி எடுத்தார். புது மைப்பெட்டி ஆதலால் எழுத்து நன்றாக விழுந்தது.

ஞாயிறு காலை சத்தம் சிம்பாங் ரெங்கத்தின் எல்லையில், ஒரு டயர் கடைக்கு முன்னால் நின்றது. இன்னும் பத்து கிலோமீட்டர். வழக்கமாக ஐந்து மணிக்குப் புறப்படுவது, அன்று ஏழாகியும் அசையவில்லை. விவேக் சாலையோரம் உட்கார்ந்திருந்தான், செருப்பு வார் அறுந்திருந்தது என்று அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் சொன்னார்கள். எட்டு மணிக்கு ஜோனதன் ஆலயத்துக்குள் நுழைந்து, பெஞ்சில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தான். நேராக டோரிஸிடம் போனான்.

"யாரு ஆன்ட்டி இதை எடுக்கச் சொன்னது?"

"தப்பா இருந்துச்சுப்பா. பதினாலு மாசமா. கர்த்தர் முன்னாடி எனக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா?"

"அந்தத் தப்புலதான் அவ வந்துகிட்டிருக்கா. அவளுக்காக இந்த ஊர்ல நடந்த ஒரே நல்ல காரியம் உங்க தப்புதான். அதையும் திருத்திட்டீங்க."

டோரிஸ் அழுதார். ஜோனதனுக்கு இரக்கம் வரவில்லை. அவனுக்கு அப்போது எல்லோர் மேலும் கோபம். கருங்கல் மேல், பன்னீர்த் தண்ணீர் மேல், ஆழ்ந்த அனுதாபத்தின் மேல், வெளியில் தாழ்ப்பாள் வைத்தவன் மேல், ஏழாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வந்து ஒரு டயர் கடையில் நிற்பதன் மேல். எந்தத் தாளை அடித்தாலும் வாசிப்பவர் வாய்தான் கணக்கு. அன்று மன்றாட்டு வாசிக்கும் முறை அமலநாதனுடையது. அவர் முன்வரிசையில், வெள்ளை முழுக்கைச் சட்டையில், தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். ஜோனதன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, பழைய வரியை வாசிங்க."

"வேணாம் மாப்ள."

"அவ குரலைக் கேக்க வேணாமா உங்களுக்கு?"

அமலநாதன் பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கல்லுல வெட்டினது பொய்னு எனக்குத் தெரியாதா? நான் பெத்தவன்யா. அவ வாயி எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பொய்ய நான் தாங்கிக்குவேன். அவ அழுதிருந்தா? அப்பான்னு கூப்பிட்டிருந்தா? அத நான் கேட்டுட்டு எங்க போவேன், சொல்லு."

ஜோனதனுக்குக் கெஞ்ச வரவில்லை. "அழுதிருந்தா அவ அழுதான்னு வெட்டட்டும்" என்று மட்டும் சொன்னான்.

எட்டு ஐம்பதுக்கு அமலநாதன் வாசக மேடைக்குப் போனார். நான்கு மன்றாட்டு வாசித்தார். சபை நான்கு முறை பதில் சொன்னது. மரித்தோர் வரிசையில் இரண்டு பெயரைப் படித்துவிட்டு நின்றார். மூன்றாவது பெயருக்கு அவர் வாய் திறந்தது, பெயர் வரவில்லை. குருவானவர் நிமிர்ந்து பார்த்தார். அமலநாதன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, வெளிநாட்டில் பணியாற்றும் எங்கள் மகள் ஸ்டெஃபனி பத்திரமாக வீடு வந்து சேர வேண்டுமென்று மன்றாடுகிறோம் என்று மனப்பாடமாகச் சொன்னார். சபை வழக்கம் போலப் பதில் சொன்னது. டயர் கடைக்காரர் எட்டு ஐம்பத்து மூன்றுக்குச் சத்தம் நகர்ந்ததாகச் சொல்கிறார்.

பதினொன்றரைக்கு அது ஜோனதனின் வீட்டுச் சந்துக்குள் திரும்பியது. அதற்குள் ராஜசேகரனும் டோரிஸும் அண்டை வீட்டாரும் வரவேற்பறையில் நிறைந்திருந்தார்கள். அமலநாதனுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தது. விவேக் வெறுங்காலோடு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். கால் இரண்டும் வெடித்திருந்தன.

"நீங்க எல்லாரும் உள்ள இருங்கண்ணே. நான் வெளிய நிக்கிறேன்," என்றான் ஜோனதனிடம்.

ஜோனதன் அவனை அறைய வேண்டுமென்று பதினான்கு மாதமாக நினைத்திருந்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அறைகிற அளவுக்கு அங்கே ஆள் இல்லை. சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, கதவைச் சாத்தினான். சத்தம் கதவு வழியாக வரவில்லை. சுவரிலிருந்து, ஓராள் உயரத்திலிருந்து, தெளிவாகத் தொடங்கியது.

பூட்ஸ் ஓசை. புரியாத மொழியில் பிள்ளைகளின் அழுகை. தூரத்தில் ஒன்று விழுந்தது, கொஞ்சம் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஸ்டெஃபனியின் குரல், மூச்சு வாங்க, அடுத்த அறையில் நிற்பது போல. விவேக்கை உள்ளே போ என்றாள். தாழ் போடுகிற வேலை என்னுடையது சார்ஜன் என்றான் அவன். வாய மூடிட்டு உள்ள போடா என்று அவள் சொன்னதும், அவன் படியில் உருண்டு விழுந்ததும் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. இரும்பு உரசியது. அதன் பிறகு அவள் யாருக்கென்று இல்லாமல் கத்தினாள். "மூணு தடவ எழுதிக் குடுத்தேன்! மூணு தடவ! உள்ள ஒரு தாழ்ப்பா போடுங்கடான்னு! ஒரு ஆணி, ஒரு தாழ்ப்பா! அதுக்குக்கூட ஒருத்தனுக்கு நேரமில்ல!" அதைத் தொடர்ந்து மலாயில் சில வார்த்தைகள் வந்தன. அவை இங்கே எழுதத் தகுந்தவை அல்ல. டோரிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். ராஜசேகரன் தரையைப் பார்த்தார். அமலநாதன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ அம்மாதான். அப்படியே அவ அம்மா," என்றார். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். அந்த அறையில் ஜோனதனைத் தவிர யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வீறிட்டார்கள். ஸ்டெஃபனி இரும்பை உள்ளங்கையால் தட்டி, எதாச்சும் பாடுடா, பிள்ளைங்க பயப்படுது என்றாள். எனக்குப் பாட்டு வராதுக்கா என்றான் விவேக், தேம்பிக்கொண்டே. அதற்கு அவள் ஒன்று சொன்னாள். அவன் தொண்டை கிழியப் பாடத் தொடங்கினான். பாட்டு ஒன்றுமில்லை, ஒன்பதாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்தினான். பிள்ளைகள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தினார்கள். ஒன்பது ஏழுக்கு அறுபத்து மூன்று வரை வந்தான்.

ரெங்கத்தில் அன்று பதினொரு வீட்டில் கண்ணாடி உடைந்தது. யாருக்கும் காயமில்லை. ஜோனதனின் வீட்டில் சுவர்க் கடிகாரம் விழுந்தது. சத்தம் மறுபடி முதலிலிருந்து தொடங்கவில்லை, வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. நகராட்சிப் பதிவேட்டில் பேரொலி, ஒன்று, முற்பகல் பதினொன்று முப்பத்தேழு என்று எழுதினார்கள். விவேக் அங்கேயே சுவரோரம் படுத்து, மறுநாள் வரை தூங்கினான். ஜோனதன் அவன் காலுக்கு மருந்து போட்டான், மரியாதையில்லாமல், முரட்டுத்தனமாக.

பலகை இன்னும் பாலாய்ராயா முகப்பில் இருக்கிறது. ஜோனதன் பத்தாவது கடிதம் எழுதினான். தாழ்ப்பாள் பற்றிய மூன்று மனுக்களும் கிடைக்கவில்லை என்றும், சார்ஜன் கடைசியாகச் சொன்ன வாசகம் பொது இடத்துக்குப் பொருத்தமாக இல்லை என்றும், கருங்கல்லில் மாற்றம் செய்வது கடினம் என்றும் பதில் வந்தது. அதிலும் அனுதாபம் இருந்தது. ஆகவே அது எங்கேயும் வெட்டப்படவில்லை. நாற்பது பேர் கேட்டார்கள், நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கிறது. எனக்குப் பாட்டு வராதுக்கா என்று விவேக் சொன்னதற்கு, தாழின் மேல் முதுகைச் சாய்த்து நின்றபடி அவள் சொன்னது இது:

"யாருடா உன்னக் கச்சேரி பண்ணச் சொன்னா? சத்தமாப் பாடு. எனக்குக் கேக்கணும்."